லிம்பானியின் பழைய முகவரி

அத்தியாயம் பதினான்கு

தாய்மாமன் பேச்சை ஏரிக்கரை ஊரான மங்கோச்சியில் யாரும் தட்டுவதில்லை. பெண் கொடுப்பதிலிருந்து கூரை மாற்றுவது வரை அவர் வைத்ததுதான் சட்டம். அப்படிப்பட்ட ஜெரவாசியோ மாமாவின் முகத்துக்கு நேராக "முடியாது மாமா" என்று சொல்லிவிட்டு தமந்தானி உள்ளே போனாள் அல்லவா, சென்ற வாரம் அந்த இடத்தில்தான் நாம் அவளை விட்டுவிட்டு வந்தோம். மாமா வாசலில் நின்று வெகுநேரம் கதவைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தார். கதவு பதில் சொல்லவில்லை.

சண்டை ஒரு முகவரியைப் பற்றியது. வீட்டு முகவரி அல்ல, இணையதள முகவரி.

கச்சிங்வே குடும்பத்துக்கு மார்க்கெட் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை, அதற்குப் பின்னால் வீடு. கடையைவிட அவர்களுடைய இணையதளத்துக்குத்தான் ஊரில் பெயர். ஏரி மீன் விலை, படகு நேரம், கால்பந்து, கல்யாணம், மறைவு எல்லாம் அதில் வரும். மூத்தவன் லிம்பானி ஆரம்பித்தது. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி பைலாகக் கையால் அடித்து வைத்தான். அவன் வேலை தேடி ஜோனிக்கு, அதாவது ஜோகன்னஸ்பர்க்குக்கு, பஸ் ஏறியபிறகு அத்தனையும் தங்கை தமந்தானியின் தலையில் விழுந்தது. உசிப்பா மீன் விலை ஏறினால் எந்தெந்தப் பக்கத்தில் அந்த விலை இருக்கிறது என்று தேடித் தேடித் திருத்த வேண்டும். திருத்தி முடிப்பதற்குள் விலை இறங்கிவிடும்.

இப்போது அவள் புது முறை கற்றுக்கொண்டுவிட்டாள். செய்திகள் எல்லாம் ஒரே கிடங்கில் கிடக்கும். பக்கத்துக்கு ஒரு அச்சு. யாராவது வந்து கேட்கும்போது புரோகிராம் அச்சில் செய்தியை ஊற்றி அந்த நிமிஷமே பக்கத்தைச் சுடச்சுடக் கொடுத்துவிடும். விலையை ஓர் இடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலும் மாறிவிடும்.

"அப்ப பழைய முகவரியெல்லாம் எதுக்கு? தூக்கிப் போடு. யார் பழைய லிங்க்கைத் தட்டினாலும் முகப்புக்குத் தள்ளி விடு. அங்கேர்ந்து தேடிக்கட்டும்" என்றார் மாமா.

"படகுல பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க மாமா. மினிபஸ் முதுகுல எழுதி வச்சிருக்காங்க. வெளியூர்ல இருக்கறவங்க போன்ல சேத்து வச்சிருக்காங்க. வீட்டை இடிச்சுக் கட்டலாம், கதவு நம்பரை மாத்தக்கூடாது."

"சனிக்கிழமை உன் தங்கச்சி யாங்கோவுக்கு நிச்சயம். அதுக்குள்ள முடியணும். மாப்பிள்ளை வீட்டு பலாகாக்காரங்க பாக்கறப்ப நம்ம தளம் பளிச்சுனு இருக்கணும். ஒவ்வொரு கதவா நம்பர் எழுதிக்கிட்டு இருந்தா எப்ப முடியறது?"

"ஒரு பக்கம் விடாம எல்லாம் பழைய முகவரியிலயே திறக்கணும். இல்லாட்டி நான் செய்யமாட்டேன். முடியாது மாமா."

எல்லாப் பக்கத்தையும் சேர்த்துச் சொன்னாளே தவிர, அவள் மனதில் இருந்தது ஒரே பக்கம்தான். மாமாவுக்கும் அது தெரியும். அதனால்தான் உறுமினார்.

அது லிம்பானியின் பக்கம். ஜோனிக்குப் புறப்படுவதற்கு முன்னால் தன் போட்டோவைப் போட்டு அவனே செய்து வைத்துவிட்டுப் போனான். "அம்மா, நான் எங்க இருந்தாலும் இந்த முகவரியைத் தட்டுவேன். நீ சொல்றதெல்லாம் இதுல தெரியும்" என்று அம்மாவை உட்காரவைத்துக் காட்டினான். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அம்மா சர்ச்சுக்குப் போய்வந்த துணியோடு கடையில் வந்து உட்காருவாள். அவள் சொல்லச் சொல்லத் தமந்தானி அடிப்பாள். ஆடு குட்டி போட்டது, ஏரித் தண்ணீர் இந்த வருஷம் மேலே ஏறியது, யாங்கோ டீச்சர் வேலையில் சேர்ந்தது. மகன் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் பேசுவாள். சில சமயம் திட்டுவாள்.

முதலில் லிம்பானி போன் செய்துகொண்டிருந்தான். அப்பா இறந்தார். அதையும் அம்மா அந்தப் பக்கத்தில்தான் சொன்னாள், அடக்கத்துக்கு வந்துவிடு என்று. அவன் வரவில்லை. அதன் பிறகு போனும் நின்றது. ஜோனிக்குப் போய் வீட்டை மறந்தவனை ஊரில் மச்சோனா என்பார்கள். லிம்பானி மச்சோனா ஆகிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் படிக்கிறானா, அந்த முகவரி அவனுக்கு ஞாபகமாவது இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. பழைய பக்கம் கல் மாதிரி. நாம் பேசலாம், அது பேசாது. ஆனாலும் அம்மா நிறுத்தவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் தமந்தானி கடையைத் திறந்தாள். கரண்ட் போவதற்குள் முடித்துவிட வேண்டும். பழைய பைல்களைப் புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்து, எது மீன் விலை, எது கல்யாணம், எது மறைவு என்று பிரித்துக் கிடங்கில் போட்டது. தளம் குடியிருக்கும் வெளியூர் சர்வரில் ஒரு விதி எழுதினாள்: யார் எந்தப் பழைய முகவரியைக் கேட்டு வந்தாலும் அதே முகவரியில் புதுப் பக்கத்தைக் கொடு. வந்தவனுக்கு வீடு மாறியதே தெரியக்கூடாது.

பிறகு பழைய முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்த்தாள். படகு நேரம் திறந்தது. பள்ளிக்கூட ரிசல்ட் திறந்தது. என்றைக்கோ நடந்த கால்பந்து ஆட்டம்கூடத் திறந்தது. அவளுக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

யாங்கோ டீயும் மந்தாசி பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணப் பெண்ணுக்கு முகத்தில் தனி மினுமினுப்பு.

"என்னக்கா, கம்ப்யூட்டரைப் பாத்துச் சிரிக்கிற? உனக்கும் மாமா அங்கேயே ஒரு மாப்பிள்ளை பாத்துட்டாரா?"

"வாயை மூடு. ஒண்ணுகூட உடையலடி."

"ஜெயிச்சுட்டேன்னு மாமாகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சனிக்கிழமை வரைக்கும் நல்ல பொண்ணு."

அம்மா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "லிம்பானி பக்கம் திறக்குதா?"

"இரு, காட்டறேன்." தமந்தானி தட்டினாள். திரையில் மற்றதெல்லாம் வருவதற்கு முன்னால் லிம்பானியின் முகம் மேலிருந்து கீழாக மெதுவாக வந்தது. நெற்றி, கண், எப்போதும் எதையோ கேலி செய்கிற அந்த வாய். அவ்வளவுதான், கரண்ட் போய்விட்டது.

"வந்தான்ல? போதும்" என்றாள் அம்மா. திருப்தியோடு போய்க் கருவாடு புடைக்க உட்கார்ந்தாள்.

தமந்தானியும் போதும் என்றுதான் நினைத்தாள். கதவுகள் திறக்கின்றனவா என்று அத்தனை கதவையும் தட்டிப் பார்த்தவள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் பக்கத்து வீட்டு நாஜேரே முற்றத்துக்குள் வந்தாள். தலையில் ஒரு பேசின் நிறைய மக்காச்சோள மாவு. பின்னால் இரண்டு பெண்கள், விறகுக் கட்டோடு. வந்தவள் பேசினை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அந்த ஊரில் மாவும் விறகுமாகப் பெண்கள் வந்து பேசாமல் உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மாவின் கையிலிருந்த முறம் நின்றது.

"நாஜேரே, யாரு?"

"லிம்பானி அம்மா, எங்களை மன்னிச்சிரு. நீ சொல்லி அனுப்புவேன்னு காத்திருந்தோம். மனசு கேக்கல. பெத்தவ நீ எப்படித்தான் கருவாடு புடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கியோ..."

"யாருன்னு கேட்டேன்."

நாஜேரே இன்னும் பலமாக அழுதாள். இன்னொருத்தி மெல்லச் சொன்னாள், "உங்க தளத்துலயே போட்டிருக்கேம்மா. முகப்புல முதல்ல அதுதான் நிக்குது."

தமந்தானி ஓடிப்போய் நாஜேரேயின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். சின்னத் திரையில் கறுப்புக் கரை. மேலே சிலுவை. கொட்டை எழுத்தில், ஊர் வழக்கப்படி ஆங்கிலத்தில், மறைவு அறிவிப்பு என்ற தலைப்பு. அதன் கீழே லிம்பானி கச்சிங்வே, சிரித்துக்கொண்டு.

முகவரி அதேதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கையால் பக்கம் செய்கிறவர்கள் எவரும் புதுப் பக்கத்தை வெறும் தாளிலிருந்து ஆரம்பிப்பதில்லை. இருக்கிற ஒன்றைப் பிரதியெடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றிக்கொள்வார்கள். மேலே பெரிய போட்டோ, கீழே குடும்பத்தார் பேச நிறைய இடம் என்று அப்போது தளத்தில் இருந்தது மறைவுப் பக்கம் ஒன்றுதான். லிம்பானி அதைப் பிரதியெடுத்தான். சிலுவையை அழித்தான், கரையை அழித்தான். பக்கத்தின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வரியை, இது மறைவுப் பகுதி என்று சொல்லும் வரியை, அழிக்க மறந்துவிட்டான். இத்தனை வருஷம் அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இன்று காலையில் புரோகிராம் அந்த வரியைப் படித்து அவனை இறந்தவர்களோடு சேர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசியதால் அதுதான் ஆகப் புதிய பக்கம். புதியது முதலில் என்று முகப்பின் தலையில் ஏற்றியும் விட்டது.

"அம்மா, பொய்ம்மா. என் தப்பு. அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. மெஷின் மாத்தி வச்சிருச்சு."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தமந்தானியால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தமந்தானி போனை நாஜேரேயிடம் திருப்பிக் கொடுத்தாள். உண்மைதானே? அவன் இருக்கிறான் என்று அவளுக்கு மட்டும் யார் சொன்னார்கள்? அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே ஏதாவது தெரிஞ்சு எங்கிட்ட மறைச்சியா?"

"சத்தியமா இல்லம்மா."

இதற்குள் முற்றம் பாதி நிறைந்துவிட்டது. சர்ச் மாதர் சங்கத்துப் பெண்கள் வெள்ளைச் சட்டையும் தலைத்துணியுமாக வந்து பாய் விரித்தார்கள். தப்பு நடந்துவிட்டது என்று தமந்தானி ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னாள். "பாவம், அண்ணன்மேல உசிரு" என்று அவர்கள் அவள் கையைத் தடவிக் கொடுத்தார்கள். துக்கம் வந்து உட்கார்ந்துவிட்டால் அதைக் கிளப்புவது அவ்வளவு சுலபமில்லை.

மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஊரார் ஆறுதல் சொல்லிச் சொல்லி ஆளே கொதித்துப் போயிருந்தார்.

"பலாகாலேர்ந்து போன். துக்க வீட்டுல வந்து நிச்சயக் கோழி மாத்திக்க முடியாதாம். சனிக்கிழமை வேணாமாம். மாப்பிள்ளையோட மாமன் என்கிட்ட அழறான்! நான் என்னன்னு சொல்றது? எங்க வீட்டுப் பையன் செத்தானா இருக்கானான்னு எங்களுக்கே தெரியாதுன்னா?"

சமையலறை வாசலில் நின்ற யாங்கோவின் முகம் விழுந்துவிட்டது. நிச்சயத்துக்காகக் கட்டிவைத்திருந்த கோழி அவள் காலடியில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

"நேத்தே தலையில அடிச்சிக்கிட்டேன், பழசெல்லாம் தூக்கிப் போடுன்னு. லிங்க் உடையக்கூடாதாம், லிங்க்! இப்ப நிச்சயம் உடைஞ்சுதே, அதை எந்த சர்வர்ல ஒட்ட வைப்ப?"

"மாமா, திட்டறதை அப்புறம் திட்டுங்க. கரண்ட் வந்ததும் எடுத்துடறேன்."

"டேய் ஜெரவாசியோ, அவளை விடு" என்றாள் அம்மா. "நாலு வருஷமா நீங்க எல்லாரும் மனசுக்குள்ள செஞ்சு வச்சதைத்தானே அந்த மெஷின் வெளியில செஞ்சிருக்கு. என் பிள்ளையை முதல்ல சாகடிச்சது மெஷினா?"

 மாமா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி எடுத்துவிட்டார்.

கடைக்குள் மின்விசிறி கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. கரண்ட். தமந்தானி பாய்களைத் தாண்டி ஓடினாள். பின்னாலேயே அம்மா, மாமா, யாங்கோ.

லிம்பானியின் பக்கம் திறந்தது. சிலுவை, போட்டோ, அம்மா பேசிய வரிகள். அவள் பக்கத்தைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். அடியில் ஒரு பெட்டி. அவள் புதிதாகச் செய்தது. மறைவுப் பக்கங்களில் மட்டும், படிக்கிறவர்கள் அனுதாபம் எழுதிவிட்டுப் போகட்டும் என்று வைத்தது. எழுதியும் இருந்தார்கள். ஆன்மா சாந்தியடையட்டும். நல்ல பையன். கடவுள் தாய்க்குப் பலம் தரட்டும்.

கடைசியில் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. டிகெலெடி என்று ஒரு பெண்ணின் பெயர், தெம்பிசா என்று ஊர். தெம்பிசா ஜோனியை ஒட்டிய ஊர்.

தமந்தானி மனதுக்குள் படித்தாள். திரும்பவும் படித்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?" என்றாள் அம்மா.

"இரும்மா. சொல்றேன்." அவள் ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குச் சொன்னாள்.

இவர் இறக்கவில்லை. ராத்திரி காவல் வேலை முடித்துவிட்டு வந்து அடுத்த அறையில் தூங்குகிறார். இந்த முகவரி இவர் போனில் எப்போதும் முதலில் இருக்கும். வாராவாரம் படிப்பார். உங்கள் மொழி எனக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் சொல்லமாட்டார். ஒருமுறை அப்பா இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார். போகக் காசில்லாமல் போயிற்று, இனி எந்த முகத்தோடு பேசுவது என்றார். இன்று ஏன் இந்தச் சிலுவை? நீங்கள் யார்?

யாங்கோ சுவரில் சாய்ந்து அழுதாள். மாமா ஜன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்து நின்றார். தமந்தானியின் கண்ணுக்குத் திரை மங்கியது. படித்திருக்கிறான். ஆடு, ஏரி, யாங்கோவின் வேலை, அம்மா திட்டியது, தான் அடித்த ஒவ்வொரு எழுத்தையும் படித்திருக்கிறான். அண்ணனைப் பார்க்க வேண்டும், அந்தக் கேலி வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நெஞ்சு வலிக்கிற மாதிரி ஏங்கியது.

மாமாவுக்குத்தான் முதலில் குரல் திரும்பியது. "முதல்ல அந்தச் சிலுவையை எடு. ஆளுங்களை எழுப்பி அனுப்பறேன். பலாகாவுக்கு நானே பேசறேன்."

தமந்தானியின் கை நகர்ந்தது, நின்றது.

"சிலுவையை எடுத்தா இந்தப் பெட்டியும் போயிடும் மாமா. மறைவுப் பக்கத்துக்கு மட்டும்தான் வச்சேன். வேற பக்கத்துக்குச் செய்ய நேரம் பிடிக்கும். கரண்ட் எப்பப் போகும்னு தெரியாது. அந்தப் பொண்ணு இப்ப அங்க காத்துக்கிட்டு இருக்கும்."

"அதுக்காக உயிரோட இருக்கறவன் தலைக்கு மேல சிலுவையா? அக்கா, நீயே சொல்லு!"

 அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிற மாதிரி தமந்தானியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முற்றத்தில் மாதர் சங்கத்துப் பெண்கள் அடக்கப் பாட்டை மெல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கப் போகவில்லை.

"சிலுவை இருக்கட்டும். எழுது" என்றாள் அம்மா.

தமந்தானி விரல்களை வைத்துக் காத்திருந்தாள். இத்தனை ஞாயிறும் நிற்காமல் பேசியவளுக்கு இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. மகனின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"அவன் அம்மான்னு போடு" என்றாள் கடைசியில். "அவனை எழுப்பச் சொல்லு."